அக்காவுக்கென்றே ஒரு மென்பொருள்

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த உருப்படியான காரியம் ஒன்று உண்டென்றால், அது என் தலைமையில் எங்கள் அலுவலகக் குழு உருவாக்கிய 'பார்வையற்றோர் சிறப்பு மென்பொருள்'தான். இதை நானே சொல்லக் கூடாது. வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

எங்கள் கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். எல்லோருக்கும் அக்கா. பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினி வாசித்துச் சொல்ல, காதால் கேட்டே எங்களுக்கு முன்னால் வேலையை முடித்துவிடுவார். அப்போதுதான் அலுவலகத்துக்குப் புது மென்பொருள் வந்தது. அதில் பொத்தான்களுக்குப் பெயர் இல்லை, படம் மட்டும். அக்காவின் கணினி பாவம், "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று புலம்பியது.

"தம்பி, அந்தப் பட்டனுக்கெல்லாம் பேர் எழுதச் சொல்லுங்க. அது போதும்," என்றார் அக்கா.

பெயர் எழுத யாராலும் முடியும். அதற்குக் குழு எதற்கு, தலைவர் எதற்கு? தனி மென்பொருளே செய்தோம். பார்வையற்றவருக்காகப் பளிச்சென்ற மஞ்சளில் பெரிய பெரிய பொத்தான்கள். திறந்ததும் என் குரலில் வரவேற்புரை. நடுவில் நிறுத்த முடியாது.

முழு உரையையும் கேட்டு முடித்த அக்கா, "ஒப்புதல் பட்டன் எங்க தம்பி?" என்றார்.

"உங்களுக்கு எதுக்குக்கா அந்தச் சிரமமெல்லாம்?"

"அடுத்த மாசம் நான் பிரிவுத் தலைவராகணும். ஒப்புதல் குடுக்க முடியலைன்னா அந்த நாற்காலி யாருக்குப் போகும்?"

மூப்பு வரிசையில் அக்காவுக்கு அடுத்து இருப்பவன் அடியேன். அந்தச் சுமையையும் தாங்கச் சித்தமாகவே இருந்தேன். தியாகம் என் ரத்தத்தில் ஊறியது.

ஆனால் அக்காவுக்குச் 'சிறப்பு' என்றாலே ஆகாது. மென்பொருள் எழுதும் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எல்லோரும் பயன்படுத்தும் பொது மென்பொருளில் பொத்தான்களுக்குப் பெயர் எழுத வைத்துவிட்டார். தேநீர் ஆறுவதற்குள் முடிந்ததாம். படம் புரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த மேலாளருக்கும் அன்றுதான் வழி தெரிந்தது. பதவி அக்காவுக்கே போனது. எனக்கு வயிறு எரிந்தது. பூங்கொத்து கொடுத்தேன்.

சிறப்பு மென்பொருளை இப்போது பயன்படுத்துவது நான் ஒருவன்தான். பெற்றவனே கைவிடலாமா? அதற்கு விருது வேறு அறிவித்துவிட்டார்கள். வாங்கப் போவதற்கு அதிலேயே விடுப்பு விண்ணப்பம் அனுப்பினேன். அதில் அனுப்பியதை அதில்தான் திறக்க முடியும். விழா நாளைக்கு, பதிலைக் காணோம். அக்காவின் அறைக்கு ஓடினேன்.

"அக்கா, என் லீவு இன்னும் ஓகே ஆகலையே."

"கேட்டேன் தம்பி, உங்க வரவேற்புரையோட சேர்த்து. ஆனா அதுல ஒப்புதல் பட்டனே இல்லையே. எனக்கு எதுக்கு அந்தச் சிரமம்னு நீங்கதானே வைக்காம விட்டீங்க?"