ஏழாம் வகுப்பின் சத்தம்

"மேடம், உங்க கிளாஸ் பத்தி மனு போயிருக்குது" என்றார் தலைமையாசிரியர் அந்தோணிசாமி, வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

ஏழாம் வகுப்பு ஆசிரியை சந்திரலேகா மேசையருகே வந்தாள். "எங்க சார்?"

"மஞ்சக்குப்பத்துலதான். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குறாங்கல்ல, போன வாரம் யாரோ குடுத்திருக்காங்க. ஏழாங்கிளாஸ்ல பேச்சு, சத்தம்னு என்னமோ எழுதியிருக்காம். கிளார்க்கு போன்ல அரைகுறையாத்தான் சொன்னாரு. வியாழக்கிழமை ஆபீசர் நேர்ல வந்து பாக்குறாராம்."

பரங்கிப்பேட்டையைத் தாண்டிய அந்தக் கடற்கரை ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துபோனதால், ஆசிரியர்களில் ஒருவர் உபரி என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். ஊர் முழுக்க இதே பேச்சுதான். அந்த ஒருவரை மாவட்டத்தின் மறுகோடிக்கு அனுப்புவார்கள். யாரை என்பது ஆபீசர் எழுதும் அறிக்கையில் இருந்தது.

சந்திரலேகாவின் கணவர் ஜெயப்பிரகாஷுக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம் சிதம்பரத்தில் டயாலிசிஸ். பள்ளி விட்டதும் பஸ்ஸைப் பிடித்தால் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடலாம். மறுகோடிக்குப் போனால் அந்த மனிதர் தனியாகத்தான் படுத்துக் கிடக்க வேண்டும். இதை அவள் பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி அழுதால் தன் மேலேயே தனக்கு வெறுப்பு வந்துவிடும் என்று பயம்.

மனுவில் பொய் ஒன்றும் இல்லை. ஏழாம் வகுப்பு சத்தம் போடத்தான் செய்யும். 'ஏன், எதுக்குன்னு கேளுங்க' என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். முப்பத்து நாலு பேரும் ஒரே நேரத்தில் கேட்டால் அவள் என்ன செய்வாள்?

முதலில் கைவசம் இருந்த வைத்தியத்தைச் செய்தாள். வகுப்புத் தலைவி இலக்கியாவைக் கூப்பிட்டு, "பேசுறவங்க பேரை போர்டுல எழுது" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனாள். பத்து நிமிஷத்தில் சத்தம் ஆபீசுக்கே வந்தது.

"டீச்சர், எம் பேருக்கு நேரா மூணு கோடு போட்டுட்டா! அவ பிரெண்டுக்கு ஒண்ணுதான்!"

"நீ மூணு தடவ பேசுன!"

"மூணாவது தடவ நான் தும்முனேன் டீச்சர்!"

போர்டில் முப்பத்து நாலு பேரும் இருந்தார்கள். நியாயமான பெண், தன் பேரையும் விடவில்லை. கடைசியில் 'டீச்சர் – 2' என்று ஒரு வரி.

"இனிமே யார்கிட்ட சார் போய் உதவி கேக்குறது?" என்று அவள் அலுத்துக்கொண்டபோது அந்தோணிசாமி மேசை டிராயரைத் திறந்தார்.

"கேளுங்கன்னுதான் சுற்றறிக்கையே வந்திருக்கு மேடம். 'வகுப்பறை மேலாண்மைக்குச் சமூக வளங்களைப் பயன்படுத்துக.' நம்ம ஊருல வளத்துக்கா பஞ்சம்?"

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் வளம் வந்து சேர்ந்தது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி தங்கம்மாள், மீன் ஏலத்தில் கூவிக் கூவியே தொண்டையை வளர்த்தவள். கூடவே ஆறு தாய்மார்கள். எல்லாரும் கடைசி பெஞ்சில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள்.

"நீ பாட்டுக்கு நடத்து டீச்சரு. எவன் வாயத் தொறக்குறான்னு நான் பாக்குறேன்."

ஒரு பையன் வாயைத் திறந்தான். "அடேய், வாய மூடுறா!" என்று தங்கம்மாள் போட்ட சத்தத்தில் ஜன்னலில் இருந்த காக்கா பறந்துபோயிற்று.

"எம் புள்ளைய ஏன் அதட்டுற? ஒம் பொண்ணு பேசலியா?" என்று பையனின் அம்மா எழுந்தாள். பேச்சு பிள்ளைகளை விட்டு, போன வருஷம் ஏலத்தில் யார் கூடையை யார் நகர்த்தினார்கள் என்பதற்குப் போய்விட்டது. பிள்ளைகள்தான் வாயடைத்துப் போய் வேடிக்கை பார்த்தார்கள்.

மத்தியானம் இரண்டாவது வளம். முன்னாள் மாணவன் சிங்காரம், சவுண்ட் சர்வீஸ்காரன், ஒரு மைக்செட்டையே இறக்கினான்.

"நீங்க ஏன் டீச்சர் கத்துறீங்க? மெதுவா பேசுங்க, கணீர்னு கேக்கும். ஸ்கூலுக்கு நம்மளால ஆனது."

கேட்டது. ஊருக்கே கேட்டது. அவள் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் மைக் கைமாறி, 'காணவில்லை, காணவில்லை' என்று ஒருத்தன் தன் பென்சிலைத் தேடி அறிவிப்புக் கொடுக்க, மதில்சுவருக்கு அப்பால் குடியிருந்த சிற்றம்பலம் விசிறியும் கையுமாக வந்து நின்றார். ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். சத்தம் ஜாஸ்தி என்று ஏழெட்டு முறை சண்டைக்கு வந்தவர். மனு இவர் வேலைதான் என்று சந்திரலேகா கேட்டவுடனேயே முடிவுகட்டியிருந்தாள்.

"சார், மனுவத் திருப்பி வாங்கிக்குங்க சார். என் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நான் எங்கம்மா மனு குடுத்தேன்? எனக்குக் கோவம் வந்தா நேர்லயே வந்து திட்டிடுவனே!"

அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் மனிதர் இளகிவிட்டார். "அழுவாத. ரெண்டு நாள் எங்கிட்ட உடு."

புதன்கிழமை முழுக்க அவர்தான் வகுப்பு. ஒரு விசில் அடித்தால் விரல் உதட்டுக்குப் போக வேண்டும். இரண்டு விசில் அடித்தால்தான் எடுக்க வேண்டும். முப்பது வருஷம் மைதானத்தை ஆட்டிவைத்த விசில் அது. சாயங்காலத்துக்குள் ஏழாம் வகுப்பு அடங்கிவிட்டது. வராந்தாவில் நடந்தபோது தன் செருப்புச் சத்தம் கேட்டு அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

மணி அடித்ததும் இலக்கியா ஓடிவந்தாள். "டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாங்க எல்லாம் சேந்து..."

"எதுவும் பேசாத. நாளைக்கு ஆபீசர் போற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. எனக்காக இத மட்டும் செய்யி."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போனாள்.

வியாழன் பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. சிற்றம்பலம் ஒரு விசில் அடித்துவிட்டு ஜன்னலோரம் விறைப்பாக நின்றுகொண்டார். முப்பத்து நாலு உதட்டிலும் முப்பத்து நாலு விரல்.

"என்ன பாடம் நடக்குது?" என்றார் ஆபீசர்.

யாரும் பதில் சொல்லவில்லை.

"உங்க டீச்சர் பேரு என்ன? யாராவது சொல்லுங்க."

காற்றாடி மட்டும் கிரீச்சிட்டது. ஆபீசர் இலக்கியாவிடம் குனிந்தார். "நீ லீடர்தானே? பயப்படாம பேசும்மா."

இலக்கியா டீச்சரைப் பார்த்தாள். சந்திரலேகா வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். பெண்ணின் கண்ணில் நீர் முட்டியது. விரலை மட்டும் எடுக்கவில்லை. சந்திரலேகா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் நாலு நாளாகக் கனத்த பாரம் இறங்கியது போல இருந்தது.

"மனுவுல எழுதினதுக்கும் இங்க நடக்குறதுக்கும் சம்பந்தமே இல்லியே" என்றார் ஆபீசர்.

"ஆமாங்க சார், சம்பந்தமே இல்லிங்க" என்றாள் அவள், நன்றியோடு.

கால் மணி நேரம் அந்தோணிசாமியின் அறையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஆபீசர். அவர் கை கழுவப் போனதும் அந்தோணிசாமி வெளியே வந்தார். முகம் செத்திருந்தது.

"உங்களைத்தான் மேடம் எழுதிட்டாரு. அடுத்த வாரம் ஆர்டர் வந்துடும்."

"ஏன் சார்? ஒரு சத்தம் கேட்டுச்சா? ஊசி விழுந்தா கேக்குற மாதிரிதான இருந்தாங்க?" சாயங்காலம் சிதம்பரத்தில் கணவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

ஜீப்பில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் உத்திராபதிக்குப் பாவமாக இருந்தது போலும்.

"யாரோ பெரியவங்க எழுதிக் குடுத்த பொய் மனுன்னு ஐயா முடிவு பண்ணிட்டாரு போலம்மா, வர்ற வழியெல்லாம் ஆசையா படிச்சுக் காட்டிக்கிட்டு வந்தாரு, 'எங்களப் பேச உடுற ஒரே டீச்சர் இவுங்கதான், இவுங்க கிளாஸ்ல மட்டுந்தான் எங்க சத்தம் கேக்கும், தயவு செஞ்சு மாத்திடாதீங்க'ன்னு முப்பத்து நாலு புள்ளைங்களும் கையெழுத்துப் போட்டிருந்திச்சுங்க."