வாய் வார்த்தைக்கு ஒரு தோட்டம்

என் மகள் கல்யாணம் என் தோட்டத்தில் நடக்காது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முடிவெடுத்தேன். இரும்பு மாதிரி முடிவு. யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

காரணத்தைக் கேளுங்கள், நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஈரானில் எங்கள் ஊர் ஷிராஸில், நவ்ரோஸ் புத்தாண்டு போய் ஒரு மாதம் ஆனால் என் பதினாலு நாரத்தை மரமும் ஒரே மூச்சில் பூத்துவிடும். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் மேலதிகாரி பேச்சைக் கேட்டேன். வீட்டில் மனைவி தூரான் பேச்சைக் கேட்கிறேன். என் பேச்சைக் கேட்பது அந்தத் தோட்டம் ஒன்றுதான். திரும்பு என்றால் வாய்க்கால் திரும்பும். நில் என்றால் மரம் நிற்கும். அங்கே இருநூறு பேர் புகுந்து, கிளைக்குக் கிளை விளக்குக் கட்டி, குதிகால் செருப்போடு என் ரோஜாப் பாத்தியில் ஆட்டம் போட்டால் நான் எங்கே போவேன்?

தூரானிடம் 'முடியாது' என்று சொல்ல முப்பத்தொரு வருஷமாக நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் அமையவில்லை. தோட்டத்துக்கும் வீட்டுக்குமாக நாலு நடை நடந்தேன். கடைசியில் வழியை அவளே காட்டினாள்.

"சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்காரங்க டீக்கு வராங்க. அவங்களுக்கே நம்மளதைப் போல மூணு மடங்கு தோட்டம் இருக்கு. நாம கூப்பிட்டாலும் வரப்போறதில்ல. இருந்தாலும் வாய் வார்த்தைக்காவது, 'கல்யாணத்தை நம்ம தோட்டத்துலயே வச்சுக்கலாம்'னு ஒரு தடவை சொல்லிடுங்க. இல்லாட்டி கஞ்சன்னு நினைப்பாங்க."

எனக்கு மண்டைக்குள் பல்பு எரிந்தது. எங்கள் ஊரில் மரியாதை தெரிந்தவன் எதையும் மூன்று தடவை மறுக்காமல் தொடமாட்டான். ரொட்டிக் கடைக்காரர்கூடக் 'காசு எதுக்கு, சும்மா எடுத்துட்டுப் போங்க' என்பார். சும்மா எடுத்துக்கொண்டு போனவன் இதுவரை கிடையாது. எவ்வளவு உருக்கமாகக் கொடுக்கிறோமோ, வாங்குகிறவனுக்கு அவ்வளவு கூச்சம். நான் ஒரே போடாகப் போட்டு உருகிவிட்டால் சம்பந்தி கூசிப்போய்த் தன் தோட்டத்தையே கொடுத்துவிடுவார். முழுக்க முழுக்க என் சொந்த யோசனை. அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஜர்காமி ஆனைக்குட்டி மாதிரி ஆள், ஆனால் கூச்சத்தில் புதுப்பெண். அவர் மனைவி பரிசெஹர் அதிகம் பேசமாட்டாள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு உட்கார முடியவில்லை. டீ ஆறிப்போனது. எழுந்து நின்றே ஆரம்பித்தேன். தோட்டம் உங்களுடையது, நான் வெறும் காவல்காரன் என்றேன். ஐயோ, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார் ஜர்காமி. ஒன்று. நீங்கள் கால் வைக்காவிட்டால் என் மரம் எதற்குப் பூக்கணும் என்றேன். எங்கள் தோட்டம் சும்மாதானே கிடக்கிறது என்றார். இரண்டு. மனுஷன் வழிக்கு வந்துவிட்டார். அங்கே நான் நிறுத்தியிருக்கணும். நாக்கில் சனி. நெஞ்சில் கைவைத்து, "இங்க நடக்கலேன்னா இந்தக் கல்யாணத்துல எனக்குச் சந்தோஷமே இல்ல சம்பந்தி" என்றேன்.

பரிசெஹர் தூரானைப் பார்த்தாள். தூரான் டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு தூரம் சொன்ன பிறகும் வேண்டாம்னா அது அவமரியாதை. சரிங்க, இங்கேயே வச்சுக்கலாம்" என்றாள் பரிசெஹர்.

அவர்கள் போனதும் நான் குதித்தேன். தூரான் நிதானமாகக் கோப்பைகளை அடுக்கினாள்.

"நான் வாய் வார்த்தைக்குத்தான் சொல்லச் சொன்னேன். நீங்க உசிரைக் கொடுத்துச் சொன்னீங்க. அவங்க பாவம், என்ன செய்வாங்க?"

கல்யாண நாள் வந்தது. ரோஜாப் பாத்தியைச் சுற்றிக் கயிறு கட்டி, பக்கத்திலேயே நின்றேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். யாராவது குழந்தை அந்தப் பக்கம் திரும்பினால் எனக்கு வேர்த்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பாத்தி மட்டும் காரணமில்லை. மாப்பிள்ளை சியாவஷுக்கு வேலை தெஹ்ரானில். கல்யாணம் முடிந்த மறுவாரம் என் கோல்னார் அங்கே போய்விடுவாள். அதை நினைத்தால் கயிற்றைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

நாரத்தை மரத்தடியில் வெள்ளை விரிப்பு. கண்ணாடி, மெழுகுவத்தி, தேன். மணமக்கள் தலைக்கு மேலே துணியைப் பிடித்துப் பெண்கள் சர்க்கரைக் கட்டியைத் தேய்த்தார்கள். எங்கள் ஊரில் கல்யாணத்தையும் பதிகிற பத்திரப் பதிவாளர் புத்தகத்தைத் திறந்து, சம்மதமா என்று கோல்னாரைக் கேட்டார். மூன்றாம் தடவை கேட்டால்தான் பெண் பதில் சொல்லணும், அது எங்கள் வழக்கம். "பொண்ணு பூப்பறிக்கப் போயிருக்கா" என்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். பிறந்ததிலிருந்து எத்தனையோ கல்யாணத்தில் கேட்ட பேச்சுதான். ஆனாலும் நான் பதறிப்போய், "எந்தச் செடியில?" என்று கேட்டுவிட்டேன். இருநூறு பேரும் சிரித்தார்கள்.

இரண்டாம் தடவை கேட்டார். "பொண்ணு பன்னீர் கொண்டுவரப் போயிருக்கா." மூன்றாம் தடவைக்கு முன்னால் மாமியார் பெண்ணுக்கு நகை ஏதாவது போடணும். பரிசெஹர் வளையல் போட்டாள். பதிவாளர் கேட்டார். கோல்னார் அப்போதும் பேசவில்லை. சியாவஷ் முகம் வெளுத்தது.

தூரான் என் காதோரம் குனிந்தாள். "அப்பா ஒண்ணும் சொல்லலையேன்னு பார்க்கிறா. வாய் வார்த்தைக்காவது ஏதாவது சொல்லுங்க."

மகளைப் பார்த்தேன். தலையில் சர்க்கரைத் தூள், மடியில் நாரத்தைப் பூ. அந்த நேரத்தில் எவனுக்கு மூளை வேலை செய்யும்?

"உனக்கு இல்லாதது என்கிட்ட என்னம்மா இருக்கு? இந்தத் தோட்டமே உன்னோடதுதான். எடுத்துக்கோ" என்றேன். நாங்கள் தினம் பத்துப் பேரிடம் சொல்கிற பேச்சுதான்.

"அப்பா, பெரியவங்க எல்லார் உத்தரவோட, எனக்குச் சம்மதம்" என்றாள் கோல்னார், பளிச்சென்று. குலவை கிளம்பியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே பதிவாளர் பேனாவைத் தூக்கி, "தோட்டத்தையும் எழுதிடட்டுமா? பத்திரம் தயாரா இருக்கு" என்றார்.

மறுத்தால் இருநூறு பேருக்கு முன்னால் சொன்ன சொல்லை விழுங்கணும். பத்திரத்தைத் தூரான் தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மடிப்புகூடக் கலையவில்லை. கையெழுத்துப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் கயிறு அவிழ்ந்து கிடக்கிறது, ஜர்காமி என் ரோஜாப் பாத்தியில் ஆடிக்கொண்டிருக்கிறார்.

ராத்திரி வீட்டில் கத்தினேன்.

"பொண்ணு தெஹ்ரானுக்குப் போறாளேன்னு ஆறு மாசமா மரத்துகிட்ட அழுதது யாரு?" என்றாள் தூரான். "தோட்டத்து மூலையில அந்த ரெண்டு ரூம் சும்மா கிடக்கு. மாப்பிள்ளை இந்த ஊருக்கே மாத்தல் கேட்டிருக்கார். சொந்தத் தோட்டத்தை விட்டுட்டு யார் போவாங்க?"

மகள் போகவில்லை. அதற்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் நான் நட்ட மரத்துக்குத் தண்ணீர் விட இப்போது மணியடித்து உத்தரவு வாங்க வேண்டியிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை தோட்டத்து வாசலில் சியாவஷ் சாவியை நீட்டினான். தங்கமான பையன்.

"மாமா, தோட்டம் என்னைக்கும் உங்களோடதுதான். நாங்க திருப்பி எழுதித் தந்துடறோம்."

சேச்சே, அதெல்லாம் எதற்கு என்றேன். மனசு துள்ளியது. இரண்டாம் தடவை கெஞ்சினான். கூடவே கூடாது என்று கையைத் தட்டிவிட்டேன். அவன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். உள்ளே தூரான் டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது தடவைக்காக நான் இன்னும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறேன்.