ஆனா சார் தொட்டி மேல் ஏறிய கதை

பல்கலைக்கழகங்களில் ஒருவகைப் பெரிய மனிதர் உண்டு. கருத்துச் சுதந்திரம் என்று நீங்கள் வாயெடுப்பதற்குள் எழுந்து நின்று கைதட்டிவிடுவார். மாணவர்கள் கேள்வி கேட்க வேண்டும், போராட வேண்டும், சூடு சொரணையோடு இருக்க வேண்டும் என்பார்; தம் காலத்தில் தாமே கொடி பிடித்து, கல்லூரி வாசலில் படுத்து, போலீஸ் வண்டியில் ஏற்றப்பட்டு, இடம் போதாமல் பாதி வழியில் இறக்கிவிடப்பட்ட வரலாற்றைக் கேட்காமலே சொல்வார். உங்களுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். சற்றுப் பொறுங்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஆனா..." என்பார். அவ்வளவுதான். அதுவரை அள்ளிக் கொடுத்ததையெல்லாம் அந்த ஒற்றைச் சொல் வாரிக்கொண்டு போய்விடும்.

இந்த இனத்தின் அசல் வார்ப்பாக ஒருவர் இருந்தார். மாணவர் நலத்துறைத் தலைவர். பிள்ளைகள் அவருக்கு 'ஆனா சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள், பாவம், அவர் அரிச்சுவடி நடத்துகிறவர் என்று நினைத்து, "அப்போ ஆவன்னா சார் யாரு?" என்று விசாரிப்பதுண்டு.

அவரைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிற மனிதர். மாணவர் மனமும் நோகக் கூடாது, துணைவேந்தர் மனமும் நோகக் கூடாது. இரண்டுக்கும் நடுவே பாலம் போட அவரிடம் இருந்த ஒரே பலகை அந்த 'ஆனா'.

அந்த வருஷம் விலங்கியல் படிக்கும் ஒரு பெண், சுவர்ப் பத்திரிகையில் நாலு வரி எழுதினாள். 'விடுதியில் இடம் கேட்டு எத்தனையோ பேர் காத்துக் கிடக்க, விண்ணப்பமே போடாத ஒரு தவளைக்குத் தண்ணீர்த் தொட்டியில் இடம் ஒதுக்கியிருக்கும் நிர்வாகத்துக்கு நன்றி.' விடுதியே சிரித்தது. துணைவேந்தர் சிரிக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குக் களங்கம் என்று அவளை இடைநீக்கம் செய்தார். அடுத்த வாரம் பரீட்சை. எழுத முடியாமல் போனால் அவளுக்கு ஒரு வருஷம் வீண்.

அன்று சாயங்காலம் ஆனா சார் வீட்டில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் கேட்டாள்.

"அப்பா, அவ எழுதினது தப்பா?"

"தப்புன்னு யாரும்மா சொன்னா? அருமையா எழுதியிருக்கா. நானே கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டாவது தடவை படிச்சுச் சிரிச்சேன். ஆனா..."

"வந்துருச்சு," என்றாள் சமையலறையிலிருந்து அவர் மனைவி.

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மாணவர்கள் போராட அனுமதி கேட்டு வந்தார்கள். தலைவன் ஒல்லியான நெட்டைப் பையன். 'ஒட்டடைக்குச்சி' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஆனா சார் அவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, போலீஸ் வண்டிக் கதையைச் சொல்லி முடித்தார்.

"தாராளமா போராடுங்கப்பா. அது உங்க உரிமை. ஆனா புல்தரையில உக்காரக் கூடாது."

"நிக்கிறோம் சார்."

"நில்லுங்க. ஆனா வழியை மறிக்கக் கூடாது."

"ஓரமா நிக்கிறோம் சார்."

"கோஷம் போடுங்க, வேண்டாங்கல. ஆனா சத்தம் வரக் கூடாது."

ஒட்டடைக்குச்சி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "சரி சார்," என்றான்.

அவ்வளவு சுலபமாக ஒருவன் சரி என்றால் வயிற்றில் புளி கரைய வேண்டாமா? ஆனா சாருக்குக் கரையவில்லை. நாட்டில் இனிக் கலவரமே வராது என்கிற அளவுக்குப் பூரித்துப்போனார்.

மறுநாள் காலை நிர்வாகக் கட்டிடத்தின் முன்னால், புல்லை மிதிக்காமல், வழியை மறிக்காமல், தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டு, அத்தனை பேரும் ஒரே குரலில் கிசுகிசுத்தார்கள்.

"தொட்டிக்குள்ள தவளை... சொன்னவளுக்குத் தண்டனை..."

சத்தம் போட்ட காலத்திலெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டவர்கள், இப்போது ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார்கள். குமாஸ்தாக்கள் கோப்பைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார்கள். பேராசிரியர்கள் பாடத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். காதில் கையைக் குவித்துக்கொண்டு, "என்னங்க சொல்றாங்க?" "தவளையாம்." "எங்க?" "குடிக்கிற தண்ணியிலயாம்." "ஐயையோ, காலையில ரெண்டு டம்ளர் குடிச்சேனே!" மத்தியானத்துக்குள் தவளையை அறியாத ஜீவன் அந்த வளாகத்தில் இல்லை. சொல்லக் கூடாத விஷயத்தைக் கிசுகிசுவாகச் சொல்லச் சொன்ன மேதை யார்? நம்முடையவர்தான்.

துணைவேந்தர் போனில் கூப்பிட்டார். "என்னய்யா அது, பாம்பு சீறுற மாதிரி?"

"சத்தமே இல்லாமப் பாத்துக்கிட்டேன் சார்."

"அதான்யா பயமா இருக்கு! முன்வரிசையில நிக்கிற எல்லாரையும் இடைநீக்கம் பண்ணியாச்சுன்னு போய்ச் சொல்லு. உடனே."

ஆனா சார் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். முன்வரிசையைப் பார்த்தார். நட்டநடுவில் அவர் மகள்.

ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார். "அன்பான மாணவர்களே, உங்க உணர்வை நிர்வாகம் மதிக்குது..."

மேடையில் வசனம் மறந்தவருக்கு எடுத்துக் கொடுப்பதுபோல், கூட்டம் முழுவதும் பரிவோடு கிசுகிசுத்தது: "ஆனா..."

மனிதர் ஆடிப்போய்விட்டார். தம் வாய்க்குள் கைவிட்டு யாரோ பல்லைப் பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது. அப்போது மகள் கேட்டாள்.

"சார், தொட்டியில தவளை இருக்கா, இல்லையா?"

"இருக்கலாம்மா, ஆனா..."

"ஏறிப் பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. துணைவேந்தர் பார்க்கவில்லை. விசாரணைக் குழு அந்த நாலு வரியில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்ததே தவிர, தொட்டியை யாருமே பார்க்கவில்லை. ஆனால் அவரைச் சுட்டது அதுவல்ல. வளாகத்தில் மகள் தினமும்தான் 'சார்' என்கிறாள். அந்தச் சாருக்குள் எப்போதும் ஒரு அப்பா ஒளிந்திருப்பார். இன்று இல்லை.

ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று விடுதிப் பக்கம் நடந்தார். கூட்டம் பின்னாலேயே போனது. இரும்பு ஏணியில் கால் வைத்தார். பாதி ஏறியதும் நின்றார். கீழே பார்க்கக் கூடாது என்பார்கள்; பார்த்தார். ஏணியின் அடியை இறுகப் பிடித்துக்கொண்டு மகள் நின்றாள்.

"மெதுவா, அப்பா."

மேலே போய் மூடியைத் தள்ளினார். தண்ணீரில் மிதந்த குழாய்ப் பந்தின்மேல் ஒரு தவளை, ஆய்வுக்கு வரும் அதிகாரியை நெடுநாளாக எதிர்பார்த்திருந்ததுபோல் உட்கார்ந்து அவரைப் பார்த்தது.

ஆனா சார் ஒலிபெருக்கியை வாயில் வைத்தார்.

"இருக்கு!"

நிர்வாகக் கட்டிடம்வரை கேட்டது. இனி அடுத்த சொல் வரும் என்று கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் மறுபடி உள்ளே குனிந்து பார்த்தார்.

"குடும்பத்தோட இருக்கு!"

அன்று எழுந்த சிரிப்பில், சத்தம் வரக் கூடாது என்ற ஒப்பந்தம் காற்றில் பறந்தது. நிர்வாகத்தின் அதிகாரியே ஒலிபெருக்கியில் முழங்கிய பிறகு காப்பாற்றுவதற்கு நற்பெயர் ஏது? துணைவேந்தர் அன்றே உத்தரவை ரத்து செய்தார். அந்தப் பெண் பரீட்சை எழுதினாள். தொட்டியைக் கழுவினார்கள். தவளைக் குடும்பத்தை விடுதிப் பெண்கள் வாளியில் ஏந்திக் குளத்துக்கு வழியனுப்பி வைத்தார்கள்.

ஆனா சார் அன்று வீட்டில் மூன்று பேச்சுக்கு ஒரு பேச்சாவது 'ஆனா' இல்லாமல் பேசினார். மனைவி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல் கதை கேட்டாள். திருந்திவிட்டார் என்கிறீர்களா? அடுத்த ஆசிரியர் கூட்டத்திலேயே எழுந்து, "அந்தப் பொண்ணு செஞ்சது வீரம்தான்," என்று ஆரம்பித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களை அந்த இனத்தில் சேர்க்க யாருக்கு மனம் வரும்? இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுப் பிள்ளை செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்குக் காலேஜ்ல போராட்டம், நானும் போறேன்," என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். "போயிட்டு வா," என்று சொல்லிவிட்டு, அதோடு வாயை மூடிக்கொண்டு, அடுத்த வேலையைப் பார்க்க உங்களால் முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். முடிந்தவர்கள் எனக்கு ஒரு வரி எழுதிப் போடலாம்.

இதுவரை யாரும் எழுதவில்லை.