சதுப்பு நிலத்தைப் பார்வையிட்ட வரலாறு

தெருக்கோடியில் இருந்த சதுப்பு நிலத்தில் லாரிகள் இடிபாடுகளைக் கொட்டுவது தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. மழைத் தண்ணீர் முழுக்க அங்கேதான் போய் நிற்கும். அதைத் தூர்த்துவிட்டால் தண்ணீர் நேரே அவள் வீட்டுக்குத்தான் வரும். தெருவிலேயே பள்ளமான வீடு அது. ஆகவே பொதுநிலப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்தாள்.

"உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்றான் கணவன். அவன் பஸ் டிரைவர்.

"வீட்டுக்குள்ள தண்ணி வந்தா அதுலயும் பஸ் விடுவீங்களா?"

துறை போர்க்கால வேகத்தில் இயங்கியது. சில மாதங்களிலேயே ஆய்வாளர் வந்துவிட்டார். அப்போது துறையில் பசுமை மோகம். பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, பச்சைக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்ததில் இடிபாடெல்லாம் புல்வெளியாகத் தெரிந்தது.

"கொட்டினது எங்கம்மா?"

"நடுவுல குவிஞ்சு கிடக்கு சார். போய்ப் பாருங்க."

ஆய்வாளர் ஒரு காலை வைத்தார். முழங்கால் வரை உள்ளே போனது. கால் திரும்பி வந்தது, ஷூ வரவில்லை.

"பாதை இல்லாத இடத்தை எப்படிம்மா ஆய்வு பண்றது? முதல்ல பாதை போடணும்."

பாதைக்குக் கல்லும் மண்ணும் தேவைப்பட்டன. அவை தயாராக இருந்தது இடிபாடுகளைக் கொட்டிய லாரிக்காரரிடம் மட்டுமே. பொதுநலன் கருதி ஒப்பந்தம் அவருக்கே வழங்கப்பட்டது.

பாதையில் நடந்துபோய்ப் பார்த்த ஆய்வாளர், 'நிலைமை கவலைக்கிடம்' என்று அறிக்கை எழுதினார். கவலைப்பட மேலதிகாரி வந்தார். அவர் பதவிக்கு நடக்கும் வழக்கமில்லை. ஜீப்புக்காகப் பாதை அகலமானது. அவரும் கவலைப்பட்டதால் தலைநகரிலிருந்து உயர்மட்டக் குழு புறப்பட்டது. கார்கள் நிற்க இடம், குழு உறுதிமொழி எடுக்க மேடை, பார்வையாளர்களுக்கு நாற்காலி போடச் சமதளம். லாரிக்காரர் இரவு பகல் பாராமல் சுற்றுச்சூழலுக்காக உழைத்தார்.

தெருக்காரர்களுக்கும் பரம திருப்தி. வண்டி நிறுத்த இடமாயிற்று.

"நம்ம குளியலறைய இடிச்ச கல்லும் சும்மாதானே கிடக்கு..." என்று இழுத்தான் டிரைவர். தையல்காரி முறைத்தாள். அவள் கடைக்குப் போனதும் கொட்டிவிட்டு வந்தான்.

குழுத் தலைவி மேடையேறி, சதுப்பு நிலத்தை உயிரைக் கொடுத்தாவது காப்பதாக உறுதிமொழி எடுத்தார். கைத்தட்டல் ஓய்ந்ததும் கேட்டார்: "அந்தச் சதுப்பு நிலம் எங்க இருக்கு?"

"நீங்க நிக்கிறதுதாங்க அது!" என்று கத்தினாள் தையல்காரி.

தலைவி காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். "கெட்டியாத்தானே இருக்கு?"

பொய்ப் புகார் என்று முடிவாயிற்று. பெண் என்பதால் மன்னித்தார்கள்.

மழை வந்தது. தண்ணீர் அவள் வீட்டில் கட்டில் உயரத்துக்கு நின்றது. பிறகு தெரு முழுக்கப் பரவி, வடியவே இல்லை. தையல் மெஷின் துருப்பிடிப்பதைப் பார்த்து அழுதுவிட்டு, மறுபடியும் புகார் கொடுத்தாள்.

ஆய்வாளர் இம்முறை ரப்பர் பூட்ஸோடு வந்தார். மெஷின் மேல் தவளை. ஜன்னல் கம்பியில் கொக்கு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தேங்கின தண்ணி, தவளை, கொக்கு! அசல் சதுப்பு நிலம்மா இது!"

வாசலில் பலகை அடித்தார்கள்: 'பாதுகாக்கப்பட்ட பகுதி. மனிதர் நுழையத் தடை.'

"சார், இது என் வீடு!"

"சதுப்பு நிலத்துல வீடு கட்டினது உங்க தப்பு. ஆக்கிரமிப்புன்னு வழக்குப் போடாம விடறேனே, சந்தோஷப்படுங்க."

தெரு முழுவதற்கும் அதே பலகை. ஆனால் அரசு யாரையும் கைவிடவில்லை. உறுதிமொழி எடுத்த மேட்டு நிலத்தை மனைகளாக்கி, ஆளுக்கொன்று கொடுத்தது. குடியேறிய எல்லோரும் அரசை வாழ்த்தினார்கள்.

ஒரே ஒரு குறை. மனைகளுக்குப் பின்னால் ஒரு குட்டை. கொசுத் தொல்லை தாங்கவில்லை. குடியிருப்போர் கூடிப் பேசி, அதைத் தூர்க்க லாரிக்காரரையே வரவழைப்பது என்று தீர்மானித்து, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள்.

தையல்காரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

"குட்டைக்கு அந்தப் பக்கமும் வீடுங்க இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. ஆனா எல்லாம் பள்ளத்துல."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.