ஜன்னல் மட்டும் பாக்கி

பால்கனி போய்விட்டது. அதை மனைவியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அடுப்புக்காரர் வாசலிலேயே வெகுநேரம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ரொட்டித் தொழிற்சாலையில் அவருக்கு அடுப்பு வேலை. குடியிருந்ததும் அதே தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய வீட்டில்தான். அங்கே அடுப்பு மூட்டினால் இங்கே சுவர் சுடும். ஓய்வு பெற்றதும் சேமிப்புப் பணத்தில் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் ஒரு மாடி வீடு வாங்குவதென்பது கல்யாணமான புதிதில் செய்த முடிவு. இரண்டு அறை, ஒரு பால்கனி, நாலு பக்கமும் காற்று. மனைவி திரைச்சீலைக்குத் துணிகூட எடுத்து வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் புது நிர்வாகம், உங்கள் ஓய்வுப் பணத்தை இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரவர் கைபேசிக்குள் போட்டுவிட்டது. நாலு திட்டங்கள், எதில் வேண்டுமானாலும் போடலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

அடுப்புக்காரருக்குத் தெரிந்த சாஸ்திரம் ஒன்றே ஒன்று. முன்தட்டு சிவந்தால் பின்னுக்குத் தள்ளு, வெளுத்த தட்டை முன்னுக்கு இழு. பணத்தையும் அப்படியே செய்தார். ஏறுகிற திட்டம் கருகிவிடுமோ என்று பயந்து வெளியே எடுத்தார். இறங்குகிற திட்டம் வேகவில்லையே என்று பரிதாபப்பட்டு உள்ளே தள்ளினார். ஒவ்வொரு தள்ளலுக்கும் கட்டணம் வேறு. பால்கனிக்கான பணம் அதில்தான் கரைந்தது.

"பால்கனி எதுக்கு? துணி காயப்போட மொட்டைமாடி இருக்கே" என்றாள் மனைவி. பெரிய மனசு.

இழந்ததை மீட்க, மாவு பிசைகிறவரிடம் யோசனை கேட்டார். அவர் மூன்றாவது திட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அடுப்புக்காரர் மாற்றினார், அது படுத்துவிட்டது.

"அவர் யாரைக் கேட்டுச் சொன்னாராம்?" என்றாள் மனைவி.

"பாக்கிங்காரரை."

"பாக்கிங்காரர்?"

"என்னைக் கேட்டுத்தான்."

"அப்ப ரெண்டாவது அறையும் போச்சா?"

போய்விட்டது. பதறிப்போய் மச்சானைக் கூப்பிட்டார். மச்சானுக்குத் தெரிந்தவர் ஒருவர் ஐஸ் கம்பெனி ஆரம்பிக்கிறாராம். ஆயுசெல்லாம் சூட்டில் வெந்தவருக்கு ஐஸ் என்றதும் மனசு குளிர்ந்துவிட்டது. ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்தார். கம்பெனி ஒரு கோடைகூடத் தாங்கவில்லை.

இந்தத் தடவை மனைவி தன் தம்பியையும் திட்டவில்லை, இவரையும் திட்டவில்லை. திரைச்சீலைத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஜன்னலாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"சாவி ஐயாவைப் போய்ப் பாருங்க. அவர் கையில இருந்தவரைக்கும் வீடு முழுசா இருந்துச்சு" என்றாள்.

சாவி ஐயா பழைய காசாளர். சனிக்கிழமைகளில் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் கொடுப்பார். நோட்டெல்லாம் புது ரொட்டி வாசம் அடிக்கும். சேமிப்பைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சம் தருவார். நடுவில் பணம் வேண்டுமென்றால் அவரவர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக்கொண்டால் போதும். முத்திரை அவர் அறையிலிருந்த இரும்பு அலமாரிக்குள். அலமாரிச் சாவியோ எப்போதும் காணாமல் போயிருக்கும்.

அடுப்புக்காரர் இளவட்டமாக இருந்தபோது மோட்டார் சைக்கிள் வாங்கும் ஆசையில் போய் நின்றார். "சாவியைக் காணோம்ப்பா, திங்கக்கிழமை வா" என்றார் ஐயா. அலமாரியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் கெஞ்சியும் பலனில்லை. திங்கட்கிழமைக்குள் ஆசை ஆறிவிட்டது. மாவுக்காரர் வாத்துப் பண்ணை வைக்கக் கேட்டபோதும் சாவி கிடைக்கவில்லை. அந்த அலமாரியில் சாய்ந்துகொண்டு, கிழவருக்கு மறதி என்று எத்தனை பேர் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பும் அந்தச் சனிக்கிழமைகளும் இப்போது நினைத்தாலும் இனித்தன. கவலைப்பட ஒருவர் இருந்தார், அதனால் மற்றவர்கள் சிரிக்க முடிந்தது.

ஐயா சாய்வு நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாப்பா, மோட்டார் சைக்கிள்!"

அடுப்புக்காரர் நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, "எங்க பணத்தை எதில ஐயா போட்டீங்க? அந்த வித்தையைச் சொல்லிக் கொடுங்க" என்றார்.

"பாங்கில போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சாவியைத் தொலைச்சேன்."

இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அடுப்புக்காரர் மிச்சத்தையெல்லாம் அசையாத திட்டம் ஒன்றில் போட்டுவிட்டு, கைபேசியை ஐயாவின் மடியில் வைத்தார். வருஷக் கடைசி வரை இதையும் தொலைத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். ஐயா அதை முதுகுக்கு வைத்திருந்த தலையணைக்கடியில் செருகி, "திங்கக்கிழமை வா" என்றார்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசானது. ஒரு அறையும் ஒரு ஜன்னலும் நிச்சயம். திரைச்சீலை வீணாகாது.

ஐயாவின் மனைவி வழியனுப்ப வாசல்வரை வந்தார். படியிறங்கும்போது அடுப்புக்காரருக்கு நெடுநாள் சந்தேகம் ஒன்று நினைவுக்கு வந்தது.

"அம்மா, அந்த அலமாரிச் சாவி நிஜமாவே தொலைஞ்சதா, இல்ல ஐயா வீட்டிலேயே ஒளிச்சு வச்சிருந்தாரா?"

"எந்தச் சாவி, தம்பி?" என்றார் அந்த அம்மாள். "அந்த அலமாரிக்குப் பூட்டே கிடையாதே. இவரோட சாப்பாட்டுத் தூக்கை நான் தினமும் அதுக்குள்ளதானே வச்சுட்டுப் போவேன்."