ஒரு 'யா'வும் ஒன்பது பறவைகளும்

நோர்வேக்கு வந்து பல வருடங்களாக எனக்குச் சரளமாக வந்த நோர்வேச் சொல் ஒன்றே ஒன்றுதான்: 'யா'. ஆம் என்று பொருள். விளங்கினாலும் யா, விளங்காவிட்டால் இன்னும் உற்சாகமாக யா. (இப்படித்தான் ஓஸ்லோவின் ஹவுகெட்டோவில் எங்கள் மாடிக்குடியிருப்பின் பனி வழிக்கும் குழுவுக்குத் தலைவரானேன்.)

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு வருடம், லில்லெஸ்ட்ரோமில் ஒரு பட்டறையில் தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவது முதலாளி ஆர்னேயின் கையில். ஒருநாள் அவர் ஏதோ நீளமாகக் கேட்டார். யா என்றேன். இலையுதிர்காலத்தில் நாயோடு மலைக்கௌதாரி வேட்டைக்கு வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சை பரீட்சை எழுதித் துவக்குப் பிடிக்கப் போறியளோ?" என்றாள் மனைவி ரஞ்சி.

"வேலை நிரந்தரமாகுமப்பா."

வேட்டைப் பரீட்சையில் தட்டுத்தடுமாறிப் பாஸானேன். ஆனால் தோட்டாக்களிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டேன். ரயிலில் தோட்டாப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு கனவு காண்பேன். இலக்கம் கூடக்கூடத் தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளான சன்னம் சிறுக்கும். குழல் நுனியின் ஒடுக்கத்தைச் 'சோக்' என்பார்கள். அது குறைந்தால் சன்னம் கிட்டவே விரியும், கூடினால் தூரம்வரை சேர்ந்தே போகும். நாய் மோப்பம் பிடித்துக் காட்டும் பறவை கிட்டத்தில்தான் எழும்பும். ஆகவே இரட்டைக்குழலில் முதல் வெடிக்கு விரிந்த குழலும் சிறு சன்னமும். தப்பித் தூரம் போனதற்கு ஒடுங்கிய குழலும் சற்றுப் பெரிய சன்னமும். மூன்று வாரம் யோசித்து எடுத்த முடிவு. என் கலியாணத்துக்குக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை. (ரஞ்சி இதை வாசிக்கமாட்டாள் என்ற தைரியம்.)

மலையில் மூடுபனி. சிவந்து கிடந்த புதர்கள், ஈர மண் வாசம், எங்கோ நீர் ஓடும் சத்தம். உலகத்தில் சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை போலிருந்தது. கையில் ஆர்னே இரவல் தந்த துவக்கோடு இப்படி நினைத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

ஆர்னேயின் நாய் திங்கா திடீரென்று ஒரு முன்காலைத் தூக்கியபடி அசையாமல் நின்றது. அதன் மூக்குக்கு நேரே, புதருக்குள் பறவைகள். இனி ஒரு சொல் கேட்டால்தான் பாய்ந்து அவற்றை எழுப்பும். அந்தக் கணம் முடியவே கூடாது என்றிருந்தது எனக்கு. தோட்டா போட மடித்த துவக்கை இன்னும் மூடாத ஆர்னே கிசுகிசுத்தார்: "முதல் வெடி விரிஞ்ச குழல்தானே?"

நோர்வேயில் எனக்கு முழுதாக விளங்கிய முதல் கேள்வி. விடையும் தெரியும். பூரித்துப்போய், மலையே கேட்கும்படி "யா" என்றேன்.

நாயைப் பாயச் சொல்லி ஆர்னே பழக்கியிருந்த சொல்லும் அதுதான்.

திங்கா பாய்ந்தது. ஒன்பது பறவைகள் வெள்ளைச் சிறகடித்து எழும்பி மூடுபனிக்குள் கரைந்தன. நான் வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றேன். அழகாயிருந்தது, பொய் சொல்லமாட்டேன். திங்கா திரும்பி வந்து, விழுந்த பறவை எங்கே என்பதுபோல என்னைப் பார்த்தது.

ஓஸ்லோ வரும்வரை காரில் ஆர்னே ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டினேன்.

திங்கட்கிழமை கூப்பிட்டார். சிரிப்பை அடக்கத்தான் காரில் வாய் திறக்கவில்லையாம். ஒரு கடதாசியை என் பக்கம் தள்ளி, நிரந்தர வேலை வேண்டுமா என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்த நான் மேசைக்கடியில் பார்த்தேன். திங்கா காதை நிமிர்த்திக்கொண்டு படுத்திருந்தது.

"ஓம்" என்றேன், எங்கள் ஊர்த் தமிழில்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது யா என்றால் மற்றவர்கள் கூரையைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. போன வருடம் மகளின் பதிவுத் திருமணத்தில், சம்மதமா என்று அதிகாரி கேட்க, அவள் தெளிவாக "யா" என்றாள். முன்வரிசையில் நானும் ரஞ்சியும் கிழவராகிவிட்ட ஆர்னேயும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தோம். மாப்பிள்ளையும் பார்த்தார், பாவம், என்னவென்று தெரியாமல்.