வெக்கைக்குப் பழகிய தவச்செல்வன்

இந்த முறை வீடு மாறும்போது தன் முதுகு இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது என்று தவச்செல்வன் மாசி மாதமே தீர்மானித்துவிட்டார். முதுகைத் தனியே அனுப்ப வழியில்லை. ஆகவே தானும் கூடப் போவதென்று முடிவானது.

சுவிஸ்ஸில் வீடு மாறுவது என்றால் சாமான் ஏற்றி இறக்குவது மட்டுமல்ல. அது பாதித் தண்டனைதான். மீதிப் பாதி, பழைய வீட்டை ஒப்படைப்பது. வீட்டு நிர்வாகத்திலிருந்து ஒரு மனிதர் கைவிளக்கோடு வருவார். ஓவனுக்குள் தலையை விடுவார். யன்னலுக்கு வெளியே வெயில் மறைக்கத் தொங்கும் ஸ்டோரன் தகடுகளை ஒவ்வொன்றாகத் தடவி விரலைப் பார்ப்பார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் தவச்செல்வன் ஓவனை ஆறு மணித்தியாலம் துடைத்தார். ஏழாவது மணித்தியாலம் அவரால் நிமிர முடியவில்லை. வந்த மனிதருக்குக் குனிந்தபடியே கைகொடுத்தார். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது அவர்கள் இருந்த அதே லாங்கன்தால் ஊரில், இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில், பின்னால் புல்வெளியோடு ஒரு வீடு கிடைத்திருந்தது. புது வீட்டுச் சாவி ஜூலை பதினைந்தில். பழைய வீட்டை ஒப்படைப்பது ஜூலை முப்பத்தொன்றில்.

அந்த நாளில்தான், தற்செயலாக, தவச்செல்வனின் பள்ளிக்கூடத் தோழர்கள் துபாயில் ஒன்றுகூடவிருந்தார்கள். தற்செயல் என்பது வீட்டில் சொல்வதற்கு அவர் வைத்திருந்த சொல். உண்மையில் வட்சப் குழுவில் லண்டன் பாலேந்திரன் டிசெம்பர் என்றான். பாரிஸ் லக்ஷ்மணன் ஈஸ்டர் என்றான். ஜூலை முப்பத்தொன்றுதான் என்று ஒற்றைக்காலில் நின்றவர் தவச்செல்வன். அந்த மாதத்தில் துபாய் ஹோட்டல்கள் வெறுமையாகக் கிடக்கும், நம்மை நன்றாகக் கவனிப்பார்கள் என்று எழுதினார். ஏன் வெறுமையாகக் கிடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் "ஓம் மச்சான்" போட்டார்கள். டிக்கெட் எடுத்தவர் தவச்செல்வன் மட்டும்.

மனைவி சுமித்ராவுக்குச் சொல்ல ஜூன் கடைசியில் ஒரு நல்ல நேரம் பார்த்தார். சுமித்ராவுக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. காலை வேலை முடிந்து வந்து, காலை நீட்டித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சரும், ஒரு விசயம்."

"சொல்லுங்கோ."

"எங்கட பெடியள் துபாயில ஒண்டுகூடுறாங்கள். முப்பது வருசத்துக்குப் பிறகு."

"நல்லதுதானே. எப்ப?"

"இருபத்தொன்பதாம் திகதி போய் மூண்டாம் திகதி வாறது."

"எந்த மாதம்?"

"ஜூலை."

சண்டைக்கு அவர் ஆயத்தமாக இருந்தார். மூன்று பதில்களைப் பாடமாக்கியிருந்தார். சுமித்ரா ஒரு மிடறு குடித்தாள்.

"போட்டு வாங்கோ."

"வீடு ஒப்படைக்கிற நாளும் அதுக்குள்ளதான் வருது போல..."

"அதை நான் பாப்பன். தம்பியவையைக் கூப்பிடலாம். முப்பது வருசம் எண்டா சும்மாவோ?"

பாடமாக்கிய மூன்று பதில்களும் வீணாய்ப் போயின. தவச்செல்வனுக்கு அதில் ஒரு சின்ன வருத்தம்கூட.

மறுநாள் சுமித்ரா வேலையால் வரும்போது கையில் நாலு பக்கக் கடதாசி இருந்தது.

"வெக்கைக்காலத்தில என்ன செய்ய வேணுமெண்டு எங்கட இல்லத்தில தந்தவை. பாலைவன நாட்டுக்குப் போறவைக்கெண்டும் ஒரு பக்கம் கிடக்கு. கேளுங்கோ."

"நான் யாழ்ப்பாணத்து வெயிலில பிறந்தனான். எனக்கு வெயிலைப் பற்றி இவையள் எழுதித் தாறதோ?"

"அந்த வெயிலை விட்டு வந்து இருபத்தாறு வருசம். போன கிழமை முப்பத்திரண்டு பாகைக்கு ஃபிரிட்ஜைத் திறந்துவைச்சு, முன்னால கதிரை போட்டு இருந்தது ஆர்?"

"அது... உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு பாத்தனான்."

"அரை மணித்தியாலமோ?"

தவச்செல்வன் கடதாசியின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"துபாயில அந்த நேரம் நாற்பத்தஞ்சு பாகை," என்று சுமித்ரா வாசித்தாள். "தாகம் வரமுன்னம் தண்ணி குடிக்க வேணும். காலமை பத்தில இருந்து பின்னேரம் நாலு மட்டும் வெளியில திரியக் கூடாது. தளர்ந்த பருத்தி உடுப்பு, தொப்பி. தனிய ஒருத்தரும் போகக் கூடாது. ஆருக்கும் கதை தடுமாறினால் உடன நிழல், குளிர்தண்ணி, ஆம்புலன்ஸ்."

"பாலேந்திரனுக்கு எப்பவும் கதை தடுமாறும்."

"அது வேற வருத்தம். இதுதான் முக்கியம், கேளுங்கோ. உடம்பு வெக்கைக்குப் பழக ஒரு கிழமையில இருந்து ரண்டு கிழமை வேணும். சும்மா இருந்தால் பழகாது. வெக்கைக்குள்ள வேலை செய்ய வேணும். முதல் நாள் இருபது வீதம். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாய்க் கூட்ட வேணும்."

"அதுக்கு நான் எங்கை போறது? லாங்கன்தாலில பாலைவனம் கிடக்கோ?"

சுமித்ரா கடதாசியை மடித்தாள். மேலே பார்த்தாள்.

அவர்களுடையது மூன்றாம் மாடி. அதற்கு மேலே, கூரைக்கு நேர் கீழே, மரச்சட்டம் அடித்துப் பிரித்த சாமான் அறைகள். எஸ்ட்ரிச் என்பார்கள். வெயில்காலப் பின்னேரம் நாலு மணிக்கு அங்கே ஒரு வெப்பமானியைக் கொண்டுபோனால் அது நாற்பத்தொன்று காட்டும். சுமித்ரா ஏற்கெனவே கொண்டுபோய்ப் பார்த்திருந்தாள்.

"நீச்சல் குளத்தில சவுனா கிடக்கு. அதுக்குள்ள போய் இருந்தால் காணாதோ?"

"துபாயில போய் இருக்கவோ போறியள்? நீங்கள்தானே ஒழுங்கு செய்யிற ஆள். ஓடித் திரிய வேணுமெல்லோ?"

ஒழுங்கு செய்கிற ஆள் தான்தான், ஓடித் திரிய வேண்டியிருக்கும் என்று அன்று காலை பெருமையடித்தது அவரேதான்.

தவச்செல்வன் வேலை செய்யும் தொழிற்சாலையில் விடுமுறை ஜூலை பதின்மூன்றாம் திகதி தொடங்கியது. பயிற்சி பதினைந்தாம் திகதி தொடங்கியது. முதல் நாள் இருபது வீதம் என்றால் இரண்டு பெட்டி. சுமித்ரா எஸ்ட்ரிச் வாசலில் கதிரை போட்டு, தண்ணீர்ச் சாடியும் மணிக்கூடும் இல்லத்துக் குடிப்புப் படிவமும் வைத்துக்கொண்டு இருந்தாள். எத்தனை டெசிலிட்டர் குடித்தார் என்று அதில் எழுதினாள். அவளுடைய குரலும் இல்லத்துக் குரலாக மாறிவிட்டது.

"சுப்பர்! நல்லாக் குடிச்சிட்டியள். இன்னும் ஒரு மிடறு குடிப்பமோ?"

"எனக்கு நாற்பத்தேழு வயதுதான்."

"ஓமோம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. இன்னும் ஒரு மிடறு."

"இறக்கின பெட்டியை எங்கை வைக்கிறது?"

"புது வீட்டில வையுங்கோ. வெயிலில நடக்கிறதும் பயிற்சிதானே. தொப்பியைப் போடுங்கோ."

இரண்டாம் நாள் நாலு. மூன்றாம் நாள் ஆறு. மகள் ரிஷானி ஃப்ரிபூர்க்குக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போன பனிச்சறுக்குச் சப்பாத்துகள், பூட்டுத் திறக்காத மூன்று சூட்கேஸ்கள், ஒருவரும் சுற்றுப்பேப்பரைக் கழற்றாத சீஸ் உருக்கும் இரண்டு ஃபொண்ட்யூ சட்டிகள் எல்லாம் கைவண்டியில் ஏறி இரண்டு தெரு போயின. கீழ்வீட்டுக் கிழவி கெர்பர் அம்மா படியில் மறித்து, வீடு மாறுகிறீர்களா என்று ஜெர்மனில் கேட்டார்.

"இல்லை. பாலைவனம்," என்றார் தவச்செல்வன்.

கெர்பர் அம்மா அவருடைய தொப்பியையும் ஈரத் துவாயையும் பார்த்தார். பிறகு சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.

ஆறாம் நாள் எஸ்ட்ரிச் வெறுமையானது. பயிற்சி முடிந்தது என்று தவச்செல்வன் நினைத்தார்.

"விட்டால் பழகினது எல்லாம் போயிடும். கடதாசியில கிடக்கு," என்றாள் சுமித்ரா.

"மேல தூக்க ஒண்டும் இல்லையே."

"மேற்குப் பக்க அறை ஸ்டோரனைப் பகல் முழுக்க ஏத்திவிட்டன். உள்ளுக்கு முப்பத்தெட்டு வந்திட்டுது. அலுமாரியைக் கழட்டுங்கோ."

எதற்காகச் செய்கிறோம் என்பதை மறந்தால் எந்த வேலையும் ஒரு கட்டத்தில் பெருமை தரும். பத்தாம் நாள் தவச்செல்வனுக்கு முதுகு நோகவில்லை. வியர்வை சீக்கிரம் வந்தது, மூச்சு வாங்கவில்லை. கண்ணாடியில் தன் கையை மடக்கிப் பார்த்தார். குழுவில் எழுதினார்: "முப்பத்தெட்டு பாகையில் பதினாறு பெட்டி. பெடியள், நீங்களும் தொடங்குங்கோ." பாலேந்திரன் ஒரு கட்டைவிரல் போட்டான். லக்ஷ்மணன் அதுவும் போடவில்லை.

இருபத்தேழாம் திகதி பழைய வீட்டில் மிஞ்சியது ஓவனும் ஸ்டோரன் தகடுகளும்தான். அந்த இரண்டும் தான் விமானத்தில் இருக்கும்போது நடக்கப்போகிறவை என்பதை நினைக்க அவருக்கு இனித்தது. வெறும் நிலத்தில் சூட்கேஸை விரித்துப் பருத்திச் சட்டைகளை அடுக்கினார். அப்போது பாலேந்திரன் ஃபோன் எடுத்தான்.

"மச்சான், குறை நினையாதை. நாங்கள் துபாய்க்கு வரேல்லை."

"நாங்கள் எண்டா?"

"எல்லாரும்தான். சுமித்ரா அனுப்பின கடதாசியை என்ர மனுசி வாசிச்சவ. சுமித்ரா பாரிசுக்கும் டோர்ட்முண்டுக்கும்கூட அனுப்பினவ. இப்ப எல்லா வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலயும் அது ஒட்டிக் கிடக்கு."

"தண்ணி குடிச்சா ஒண்டும் செய்யாதடா! நான் பழகீட்டன்!"

"நீ பழகீட்டாய். எங்களுக்கு ரண்டு கிழமை வேணுமாம், ரண்டு நாள்தானே கிடக்கு. டிக்கெட்டும் நாங்கள் எடுக்கேல்லை."

"இன்னுமோ எடுக்கேல்லை?"

"அதை விடு. அந்த நாட்டுக்காரரே இந்த மாதம் வெக்கைக்குப் பயந்து சுவிசுக்கு ஓடி வருகினமாம். இன்டர்லாக்கன் முழுக்க அவைதானாம். நாங்கள் மட்டும் எதுக்கு அங்க போறது? நாங்களும் சுவிசுக்கே வாறம்."

"இன்டர்லாக்கனுக்கோ?"

"உன்ர புது வீட்டுக்கு. சுமித்ரா கூப்பிட்டவ. ஓகஸ்ட் முதலாம் திகதி, நாலு குடும்பம். அருட்செல்வன் டோர்ட்முண்டில இருந்து காரில வாறான்."

தவச்செல்வன் சூட்கேஸை விரித்தபடியே விட்டுவிட்டுக் குசினிக்குப் போனார். சுமித்ரா வெறும் அலுமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீர் அந்தக் கடதாசியை அவங்கட வீடுகளுக்கு அனுப்பினனீரோ?"

"ஓம். உங்களுக்கு மட்டும் பாதுகாப்பு இருந்தால் காணுமோ? அவையும் பிள்ளைகுட்டிக்காரர்."

"இப்ப நான் தனிய அங்க போய் என்ன செய்யிறது?"

"தனிய போகக் கூடாதெண்டு கிடக்கு. அதுதான் உங்கட டிக்கெட்டை நேற்றே டிசெம்பருக்கு மாத்தீட்டன். அப்ப நல்ல காலநிலையாம், நானும் வாறன்."

"நீர் எல்லாம் தெரிஞ்சு செய்தனீர்."

"என்னத்தைத் தெரிஞ்சு?"

தவச்செல்வன் வாயைத் திறந்தார். திறந்தபிறகுதான் அடுத்த வசனம் தன்னையே காட்டிக்கொடுக்கும் என்று விளங்கியது. மூடினார்.

"நாள் குறிச்சது நீங்கள்தான் எண்டதையோ?" என்றாள் சுமித்ரா, துடைப்பதை நிறுத்தாமல். "அதைப் பாலேந்திரன்ர மனுசி மே மாதமே சொன்னவ."

"மே மாதமோ? அப்ப ஜூனில நான் வந்து கேக்கேக்க ஏன் ஓமெண்டனீர்?"

"எஸ்ட்ரிச் வெறுமையாக வேணுமே."

தவச்செல்வன் குசினி நிலத்தில் இருந்தார். கதிரைகள் எல்லாவற்றையும் அவரே கொண்டுபோய்விட்டிருந்தார். சுமித்ரா ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். அவள் படிவத்தை எடுத்து இரண்டு டெசிலிட்டர் என்று எழுதினாள்.

"முதலாம் திகதி நாலு குடும்பத்துக்கும் என்ன செய்யிறது?" என்று கடைசியில் கேட்டார்.

"புது வீட்டுப் பின்வளவில கிரில் போடுவம். அவை பாவம், நிழலில இருக்கட்டும். நெருப்படியில நிக்க வெக்கைக்குப் பழகின ஆள் நீங்கள் ஒராள்தானே இருக்கிறியள்."